கசப்பு பூசிய விரல்கள்

மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தபோது கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஏதோ உறுத்தியது. சுண்டுவிரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். நகத்துண்டு. பிறை மாதிரி வளைந்து, ஓரம் பிசிறடித்து, பல்லால் கடித்து எடுத்த நகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. இருபத்தைந்து வருஷம் நகம் கடித்தவளுக்கு அது தெரியாதா என்ன? ஆனால் அவள் நகம் கடிப்பதை விட்டு அன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். பத்தும் இருந்தன. சதையைத் தாண்டி மெல்லிய வெள்ளை விளிம்போடு, பளபளவென்று, ஒன்றுகூடப் பின்னமாகாமல் இருந்தன. பழைய துண்டு ஏதாவது பல்லிடுக்கில் மாட்டியிருந்திருக்கும், இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தினம் இரண்டு வேளை பல் தேய்க்கிற வாயில் நாற்பத்தொரு நாளா? அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நமக்கு வேண்டாத கேள்வியை நாம் கேட்டுக்கொள்வோமா? பக்கத்தில் குழந்தை சுவரைப் பார்த்து ஒருக்களித்து, கைகள் இரண்டையும் தொடையிடுக்கில் சொருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. துண்டை ஜன்னல் வழியே சுண்டிவிட்டு, பால் காய்ச்சப் போனாள்.

நகம் கடிப்பது மற்றவர்களுக்கு ஒரு அசிங்கம், அவ்வளவுதான். அவளுக்கு அது பிழைப்பில் கைவைக்கிற விஷயம். மில்லில் துணி பார்க்கிற வேலை. தறியிலிருந்து இறங்கும் மெல்லிய பட்டு உருளை உருளையாக வரும். அடியில் விளக்கெரிகிற கண்ணாடி மேஜைமேல் அதை இழுத்துவிட்டு, உள்ளங்கையை ஓடவிட வேண்டும். கண்ணுக்குத் தப்பிய குறை கைக்குத் தப்பாது. அறுந்த இழை, ஒரு மயிரளவு தடிப்பு, சரியாக உட்காராத முடிச்சு. குறை தட்டுப்பட்ட இடத்தில் அறுந்த இழைகளை இழுத்து, அந்த மில்லுக்கே உரிய ஒரு முடிச்சைப் போட வேண்டும். தட்டையாக, எள்ளைவிடச் சின்னதாக, ஒற்றைக் கையால். பழக ஒரு வருஷம் பிடிக்கும். பழகிவிட்டால் கை மறக்காது. அந்தப் பிரிவில் இருந்த பதினாலு பேரில் அவள் கைக்கு ஈடு கிடையாது, அதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். பிடிக்காதவர்கள்தான் அதிகம்.

ஆனால் கடித்த நகத்தின் ஓரம் ரம்பம் மாதிரி. பட்டில் பட்டால் இழையைக் கொக்கி போட்டு இழுத்துவிடும். குறை பார்க்க வந்த கையே குறை வைத்தால் என்ன செய்வது? அதனால் திங்கள்கிழமைதோறும் சூப்பர்வைசர் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருத்தி விரல்மேலும் ஒரு பட்டுத் துண்டை உருவிப் பார்ப்பார். மாட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது. மூன்றாம் தடவை மாட்டினால் என்றைக்கும் கிடையாது. பிசிறு பிடுங்கும் இடுக்கியை எந்நேரமும் கையில் வைத்துக்கொண்டு திரிவதால் அவருக்கு இடுக்கி என்றே பேர். அவளுக்கு இரண்டு தடவை மாட்டியாகிவிட்டது. இரண்டாம் தடவை அவள் கையை மணிக்கட்டோடு பிடித்து, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"விரல் தங்கம், நகம் தகரம். இன்னொரு தரம் மாட்டுச்சுன்னா கேட்டுக்கு வெளியிலதான்மா நீ."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, குழந்தை ஞாபகம்தான் வந்தது. வேலை போனால் வேலையோடு போகாதே. குழந்தையின் அப்பா அதற்காகத்தானே காத்துக்கொண்டிருக்கிறான். பிரிந்து இரண்டு வருஷம். அம்மாவுக்கு நிலையான வேலை இருக்கிறவரை, குழந்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிறவரை அவளிடமே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன் என்று கோர்ட்டில் ஜட்ஜம்மா சொல்லியிருந்தார். இடுக்கி அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தனையையும் கொட்டினாள். ஆறு வயசுக் குழந்தையிடம் சொல்கிற பேச்சா அது? அம்மா நகம் கடித்தால் வேலை போய்விடும், வேலை போனால் உன்னை அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் நாம் சேர்ந்து தூங்கவே முடியாது என்றாள். முன்பல் இரண்டும் விழுந்த வாயைத் திறந்துகொண்டு குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளே மருந்துக் கடைக்குப் போனாள். ஒரு குட்டிப் பாட்டில் கொடுத்தார்கள். நகத்தில் பூசினால் காய்ந்து மினுமினுக்கும், நாக்கில் பட்டால் குடலைப் புரட்டுகிற கசப்பு. பக்கத்து மேஜை அக்கா வேண்டாவெறுப்பாகச் சில யோசனை சொன்னாள். நகம் ராவுகிற அரத்தை முன்னும் பின்னும் இழுக்காதே, ஒரே பக்கமாக இழு. குளித்ததும் எண்ணெய் தொட்டு வை. நகத்தடிச் சதையை வெட்டாதே, ஈரத்துணியால் தள்ளிவிடு. கையைச் சும்மா விடாதே, சும்மா இருக்கிற கைதான் வாய்க்குப் போகும். முதல் வாரம் பைத்தியம் பிடிக்கும், மூன்றாம் வாரம்தான் எமன், அதைத் தாண்டினவர்களை நான் பார்த்ததில்லை என்று முடித்தாள். வாழ்த்துச் சொல்கிறாளா சாபம் விடுகிறாளா என்று புரியவில்லை.

முதல் பத்து நாள் அவள் பட்ட பாடு நாய் படாது. பஸ்ஸில், வரிசையில், தண்ணீர் பிடிக்கும்போது, கை தானாக மேலே வரும். கசப்பைக் காறித் துப்புவாள், ஐந்து நிமிஷத்தில் மறுபடி வரும். தாடை வலித்தது. ராத்திரி வெறும் வாயை மென்றுகொண்டே படுத்திருந்தாள். பதினோராம் நாள் மத்தியானம் தூங்கி எழுந்தபோது ஆசை போயிருந்தது. குறைந்திருந்தது என்றால் நம்பலாம். போயேபோயிருந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டவள் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி அவள் தன் விரல்களைப் பார்த்தாள். மூன்றாம் வாரம் எமன் வரவில்லை. நகங்கள் வளர்ந்தன. கோடு விழாமல், வெள்ளைப் புள்ளி இல்லாமல், ரோஜா நிறத்தில் வளர்ந்தன. திங்கள்கிழமை இடுக்கியின் பட்டுத் துண்டு அவள் விரல்மேல் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அவர் ம் என்று மட்டும் சொன்னார். பக்கத்து மேஜை அக்கா அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. அதுவே அவளுக்குத் திருவிழாவாக இருந்தது.

காலை ஆறு மணி ஷிப்டு என்பதால் விடியுமுன்னே கிளம்ப வேண்டும். அதனால் ராத்திரிகளில் குழந்தை கீழ்வீட்டு அத்தையிடம் படுத்துக்கொள்ளும். வீட்டுக்காரி, சொந்த அத்தை இல்லை, வாடகையோடு சேர்த்து அதற்கும் வாங்கிக்கொள்கிறவள். காலையில் வேனில் ஏற்றிவிடுவதும் அவள்தான். அம்மாவும் குழந்தையும் ஒரே கட்டிலில் சேர்ந்து படுப்பது மத்தியானத்தில் மட்டும்தான். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை. திரையை இழுத்துவிட்டால் அறை முழுக்கப் பழுத்த இலை நிறத்தில் ஒரு வெளிச்சம் பரவும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டக்கென்னும். மாடித் தொட்டி நிரம்பிச் சுவரோரம் ஒழுகும். தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. குழந்தையின் தலையில் வெயிலும் சாக்பீஸும் கலந்த வாசனை. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவள் மீதி இருபத்திரண்டு மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

வாயில் நகத்துண்டு கிடைத்த அதே வாரம் டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். உள்ளே உட்காரக்கூடச் சொல்லாமல் கேட் ஓரமாக நிற்கவைத்துப் பேசினாள். குழந்தையால் பென்சில் பிடிக்க முடியவில்லை, விரல் நுனியெல்லாம் புண், வீட்டில் யாரும் கவனிப்பதில்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தாள்.

"உங்க நகத்தை மட்டும் ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உண்மைதானே. ஒன்றரை மாதமாகத் தன் பத்து நகத்தைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, மூடிக்கொண்ட அந்தக் குட்டிக் கையைப் பிரித்தாள். வலது கையில் நகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பாதிக்கும் கீழே வரை போயிருந்தது, மேலே சதை உப்பிச் சிவந்திருந்தது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் ஆரம்பித்திருந்தது. தன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் அவமானமும் கோபமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. தன்மேல் வந்த கோபம் யார்மேல் இறங்கும்? பக்கத்தில் இருக்கிறவர்மேல்தான்.

"நான் கடிக்கலம்மா," என்றது குழந்தை.

"பின்ன யாரு கடிச்சா, தெருநாயா?"

ஓங்கி ஒன்று வைத்தாள். குழந்தை அழவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை குழந்தையின் அப்பா பார்க்க வரும் முறை. வந்தான். கையைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தவில்லை. போனை எடுத்து, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைக்கச் சொல்லி, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தான். வாசலில் ஷூ மாட்டும்போது சொன்னான், இது போதும், வேறு எதுவும் தேவையில்லை. கோர்ட் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்றிலிருந்து வீடே மில் ஆயிற்று. தினமும் சாயங்காலம் குழந்தையை நிற்கவைத்து, கொண்டுவந்திருந்த பட்டுத் துண்டை அதன் விரல்மேல் உருவினாள். மாட்டினால் கையில் ஒரு அடி. ஒரு நாள் மத்தியானம் தூங்கப் போகுமுன் கசப்பு பாட்டிலை எடுத்துப் பத்து விரலிலும் பூசினாள். குழந்தை மறுக்கவில்லை, கையை நீட்டியபடி நின்றது. பக்கத்தில் படுக்கவைத்து, அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

எழுந்தபோது வாய் கசந்தது.

உதட்டிலிருந்து தொண்டை வரை அந்தக் கசப்பு. எழுந்து ஓடிப் போய்த் துப்பினாள், கொப்பளித்தாள், துணியால் நாக்கைத் துடைத்தாள். பூசிய கையோடு வாயைத் துடைத்திருப்பேன், வேறென்ன? பாட்டில் மூடி ஒழுகுகிறது. ஒழுகத்தான் ஒழுகுகிறது, பார் என்று பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒழுகவில்லை. குழந்தையை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்தாள். பால் வாசனை. தூக்க வாசனை. கசப்பின் சுவடே இல்லை. அது நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தது. பட்டுத் துண்டை உருவிப் பார்க்க அன்றைக்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மில்லிலிருந்து வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி எடுத்து வந்தாள். பட்டு உருளை தூக்குகிறவர்கள் போடுவது. குழந்தையின் கைக்கு அது தொளதொளவென்று இருந்தது. மாட்டிவிட்டு, மணிக்கட்டில் ரிப்பனைச் சுற்றி, புறங்கைப் பக்கமாக வைத்து, எல்லாரும் போடுகிற சாதாரண இரட்டை முடிச்சாக இறுக்கிப் போட்டாள். பல்லுக்கும் எட்டாது, விரலுக்கும் எட்டாது. நிம்மதியாகப் படுத்தாள். ஐந்து மணிக்கு எழுந்தபோது கையுறை அப்படியே இருந்தது. கறையில்லை, ஈரமில்லை. குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சமத்து என்று சொல்லி, அதன் கையைத் தன் மடியில் வைத்து, அரை இருட்டில் முடிச்சை அவிழ்க்க விரல் நுனியால் தடவினாள்.

விரல் நின்றுவிட்டது.

தட்டையாக இருந்தது. எள்ளைவிடச் சின்னதாக. அவள் போட்ட முடிச்சு அது இல்லை. ஒற்றைக் கையால் போடும் முடிச்சு. அறுந்த பட்டிழையை ஒட்டவைக்கிற முடிச்சு. இந்த வீட்டில், இந்தத் தெருவில், அந்த முடிச்சு தெரிந்த கை ஒன்றுதான்.

கத்தரிக்கோலால் வெட்டிக் கையுறையை உருவினாள். இடது கையில் மூன்று விரல் நகம் போயிருந்தது. புதுசாக, ஈரமாக. அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், அதன் வாயைப் பார்த்தாள். மேலே இரண்டு பல் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜா நிறத்தில் வெறும் ஈறு. இரண்டு மாதமாக அப்படித்தான் இருக்கிறது. அப்பளம் கடிக்கக்கூட வழியில்லாத வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு எதால் கடிக்கும்? எத்தனை அடி வாங்கியிருக்கிறது. ஐயோ. தன் நாக்கைத் தன் பல்லுக்குப் பின்னால் ஓட்டினாள். வலது பக்கம், கீழே. மெல்லிசாக ஒன்று உறுத்தியது. அதை எடுத்துப் பார்க்கவில்லை. விழுங்கிவிட்டாள்.

இனி மத்தியானம் தூங்குவதில்லை என்று முடிவு செய்தாள். அவ்வளவுதானே, தூங்காவிட்டால் தீர்ந்தது. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்த குழந்தையைத் தள்ளியிருந்தே பார்த்தாள். குழந்தை தூங்கவில்லை. அதுவும் அவளைப் பார்த்தது. ராத்திரி அதைக் கீழே விட்டுவிட்டு வந்து, ஒன்பது மணிக்கெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் காலை மாடிப்படி இறங்கும்போது கீழ்வீட்டு அத்தை கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"ராத்திரி எங்க வாசல்ல வந்து எதுக்கு உட்கார்ந்திருந்தே? கூப்பிட்டாலும் பதில் இல்ல. கதவுல மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாயை மென்னுட்டே இருந்தே."

அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அத்தை இன்னும் நிறையச் சொன்னாள். தன் வீட்டில் இதெல்லாம் நடக்காது என்றாள், காலையில் வேனுக்கு அனுப்புவதோடு சரி, இனி ராத்திரி உன் பிள்ளையை நீயே வைத்துக்கொள் என்றாள். மத்தியானம் மட்டுமாவது என்று கெஞ்சிப் பார்த்தாள், அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குழந்தையின் அப்பா போன் பண்ணி வீட்டு நிலவரம் விசாரித்தான், என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கொக்கியையும் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

யாரிடம் சொல்வது? டாக்டரிடமா, டீச்சரிடமா, இடுக்கியிடமா? வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் குழந்தை கைவிட்டுப் போகும். அவனிடமே கொடுத்துவிட்டால் குழந்தை தப்பித்துவிடும் என்று ஒரு எண்ணம் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது, தெளிவாக வந்தது. அதை அவள் துரத்திவிட்டாள். பெற்றவள் நான், அவன் யார்? அந்த நிமிஷத்தை அவள் பிற்பாடு எத்தனை தரம் நினைத்தாலும் தகும்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் ராத்திரியும் தூங்கவில்லை. குழந்தை கட்டிலில், அவள் சமையலறைத் தரையில், நடுவே விளக்கு. மில்லில் பட்டு கண்முன்னால் அலையடித்தது. இரண்டு குறையைத் தவறவிட்டாள், இடுக்கி பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போனார். அது திட்டு வாங்குவதைவிட மோசம். வீடு திரும்பும் வழியில் நின்றபடியே தூங்கி, நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள். இனி முடியாது என்று உடம்பு சொல்லிவிட்டது. தூங்கியே ஆக வேண்டும். தூங்கினால்.

உள்ளறைக்கு ஒரு தாழ்ப்பாள் இருந்தது, பழசு, கனமானது. கதவின் அடிப்பக்கம் தண்ணீர்பட்டு உளுத்துப்போய், தரைக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஆனால் தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள். குழந்தையை உள்ளே விட்டு, பத்து விரலுக்கும் கசப்பைக் கெட்டியாகப் பூசி, தண்ணீர்ப் பாட்டிலையும் படப் புத்தகத்தையும் வைத்து, ஏறி நிற்க ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தாள்.

"தாழ்ப்பாள் போட்டுக்கோ கண்ணு. அம்மா கூப்பிட்டாலும் திறக்காதே. அம்மா அழுதாலும் திறக்காதே. புரிஞ்சுதா?"

குழந்தை தலையாட்டியது. தாழ்ப்பாள் விழும் சத்தத்தை நின்று கேட்டாள். தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு உருளை ஒட்டுகிற அகல டேப்பை எடுத்துத் தன் வாயின்மேல் குறுக்கே மூன்று வரிசை ஒட்டினாள். கண்ணாடியில் பார்க்கவில்லை. வாசல் கதவு ஓரமாக, உள்ளறையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். மணி மூன்றேகால். மின்விசிறி டக்கென்றது. தொட்டித் தண்ணீர் சுவரில் ஒழுகும் சத்தம். மூக்கால் மட்டும் மூச்சு. அடுத்த டக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

கன்னம் ஜில்லென்றிருந்தது.

தரை. பாய் இல்லை. கண்ணைத் திறந்தாள். முகத்துக்கு எதிரே உளுத்த மரம். கதவின் அடிப்பாகம். உள்ளறைக் கதவு. கவிழ்ந்து படுத்திருந்தாள், முட்டி மடங்கி, இடைவெளியில் வாயை வைத்து. டேப் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கியிருந்தது. எவ்வளவு நேரம்?

கசக்கவில்லை.

வாயில் கசப்பே இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. சோப்பு மாதிரி ஒரு ருசி. அடியில் உப்பு. நாக்கில் ஏதோ. துப்பினாள். துப்பியதைப் பார்க்கவில்லை.

தாழ்ப்பாள் விழுந்தேதான் இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கதவு இம்மியும் திறக்கவில்லை. அந்தப் பக்கம், தரையோடு தரையாக, யாரோ மூச்சு விட்டார்கள். சின்ன மூச்சு. மிக அருகில்.

"முழிச்சிட்டியாம்மா?"

தாடையில் தொங்கிய டேப்பைப் பிய்த்தாள்.

"நான் திறக்கவே இல்லம்மா. நீ அழுதே. அப்பவும் திறக்கல."

திறக்காதே என்று சொன்னாள். சொன்னாளா? காற்றுதான் வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டாள். எப்போதிலிருந்து கண்ணு. குழந்தை பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னது.

"நீ தூக்கத்துல உன் கைய வாய்ல வெச்சியா, வேலை போயிடும்ல. அதான் அத எடுத்துட்டு என் கைய வெச்சேன்."

மின்விசிறி டக்கென்றது. எங்கோ தெருவில் ஒரு சைக்கிள் மணி. அவள் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, வாசல் கதவைத் திறந்து, படியிறங்கி, தெருவுக்கு ஓடி, எவ்வளவு தூரம் முடியுமோ. முட்டி அசையவில்லை. தாடை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நிறுத்தினாள். நின்றது. மறுபடி அசைந்தது.

உள்ளே சரசரவென்று சத்தம். குழந்தை புரண்டு படுக்கிறது. பிறகு இடைவெளி வழியே, தரையைத் தேய்த்துக்கொண்டு, நான்கு விரல் வெளியே வந்தன. நுனிகளில் ஒன்றுமில்லை. தெரியக்கூடாத சதை தெரிந்தது. அவை உள்ளே போயின.

"இந்தக் கைல தீந்துபோச்சும்மா. அந்தக் கைல சுண்டுவிரல் இருக்கு, இரு. அலமாரில இருந்த சோப்பு போட்டுக் கழுவி வெச்சிருக்கேன், கசக்காது."

வேண்டாம். வேண்டாம் என்று நினைத்தாள். தெளிவாக நினைத்தாள். தூக்கம் சுத்தமாகக் கலைந்திருந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் தெரிந்தது, தரையின் விரிசல் தெரிந்தது, தான் யார் என்பதும் கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பது யார் என்பதும் தெரிந்தது.

குட்டியாக, வெள்ளையாக, முழுசாக ஒரு நகம் இடைவெளியில் வந்து நின்றது. அவள் வாயிலிருந்து நீர் ஒழுகித் தரையில் சொட்டியது. கண்ணை மூடாமலே குனிந்தாள்.